மிருதுளாவை ஏற்றிப் போன புது ரோடு

அன்புள்ள ஜஹீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாயன்று முதலாளியின் மகள் மிருதுளாவைப் பிரசவத்துக்குச் செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். வழியில் ஒரே நெரிசல். காரோடு வந்த திரையில் பழைய மேப். நேராகவே போகச் சொன்னது. கண்ணாடியில் நான் ஒட்டியிருக்கும் சின்ன ஜிபிஎஸ், ஏரிக்குப் பின்னால் போட்ட புது ரோட்டைக் காட்டியது.

“கார்ல இருக்கறதையே ஃபாலோ பண்ணுங்க, பாய்” என்றார் முதலாளி.

“அப்பா, பாய் இஷ்டத்துக்கு விடுங்க” என்றாள் மிருதுளா, பல்லைக் கடித்துக்கொண்டு.

புது ரோட்டில் திருப்பினேன். பத்தே நிமிடத்தில் சேர்ந்துவிட்டோம். பெண் குழந்தை. இருவரும் நலம். முதலாளியே குழந்தையை என் கையில் தந்தார். நம் ரூக்சார் பிறந்தபோது நான் துபாயில் இருந்தேன். பிறந்த குழந்தையைக் கையில் வாங்குவது எனக்கு இதுதான் முதல் தடவை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பும்போது, ரூக்சார் பிறந்தன்று எடுத்த போட்டோவையும் வை. முதலாளி கூப்பிடுகிறார்.

பக்கீர் முகமது