பன்னிரண்டாம் நாள் என்றாள் உன் அம்மா

மூங்கில்துறைப்பட்டு
தை 8

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே திடமாக இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும். அரவை தொடங்கிவிட்டது, தினமும் ஆலைக்குக் கரும்பு லோடு ஓட்டுகிறேன். நம் மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அம்மா சீம்பாலைத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு உனக்குக் கொடுக்க முடியவில்லையே என்று புலம்புகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, சொல்ல வந்தது விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் நைனார்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பூ, பழம் எல்லாம் வாங்கித்தான் வந்தார்கள், குறை சொல்லமாட்டேன். காப்பி குடித்ததும் பேச்சை எடுத்தார்கள். "சிகரெட்டு பிடிக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு எம் புள்ளைய வாட்டிக்கினு இருக்குதாம், வூட்டுக்குள்ள நுழையவே புடிக்கலன்னு சொல்றான், ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், மாசமா இருக்கற பொண்ணு அனுசரிச்சிப் போவச் சொல்லுங்க" என்றார்கள். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன், "சொல்ல மாட்டேங்க சம்பந்தியம்மா. நானே முப்பது வருசம் பீடி குடிச்சவன், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. இவ அனுசரிச்சிப் போயிருந்தா இன்னிக்கி நீங்க என் போட்டோவுக்குத்தான் பூ வாங்கினு வந்திருப்பீங்க." அவர்கள் முகம் சுருங்கிவிட்டது, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கமாட்டேன்.

அன்றைக்கு நீ போனில், "அவர்ட்ட சொல்றத வுட்டுடலாமாப்பா, சலிச்சிப்போச்சி" என்று கேட்டாய். விடாதே. ஆனால் ஒன்று, பீடியை விட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன், சண்டையால் நான் விடவில்லை. உன் அம்மா பீடிக் கட்டை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள், கிணற்றில் வீசினாள், உன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்த அன்றைக்கே வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று குடித்தேன். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அவள் பீடியைப் பற்றிக் கேட்டுவிட்டாள் என்று சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேனே, காலேஜ் லீவில் வந்திருந்த நீதான் தரையில் இருந்த சோற்றை அள்ளினாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன் கண்ணு.

அந்த வருஷம்தான் கரியாலூரில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சின்ன மேடு, அதை ஏற முடியாமல் மூச்சு இழுத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், "பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லுங்க, எங்கிட்ட எதுக்கு வீம்பு" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, சொன்னேன். மறுநாளே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நெஞ்சுப் படத்தைக் காட்டி, இனி ஒரு பீடிகூட ஆகாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது என்று. ஆலை வாசலில் லோடு வரிசையில் நிற்கும்போது என்றேன். மறுநாள் காலையில் அவித்த மல்லாட்டைக் கடலையும் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பது அறுபது டிராக்டர், மாட்டுவண்டி, அத்தனை ஆம்பிளைகள் நடுவில் இவள் ஒருத்தி. "இன்னா பிச்சமுத்து, பொண்டாட்டி காவலா?" என்று ஒருவன் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை குனிந்தேன். உன் அம்மா குனியவில்லை. "ஆமாண்ணா, கரும்புக்குக் காவல் இருந்தா சிரிக்க மாட்டீங்க, புருசனுக்கு இருந்தா சிரிக்கறீங்க" என்று வரிசைக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பத்து நாள் வந்தாள். எனக்குத் தலை இடித்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், அவள் மல்லாட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பதினோராம் நாள் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஒரு லாரிக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நானே சொன்னேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, "ஒண்ணுதான? பத்து நாளு இருந்தது எங்கியும் போயிடல. நாளைக்கி மறுபடியும் மொத நாளு கெடையாது, பன்னண்டாம் நாளு" என்றாள். உன் தாத்தா செத்தபோது அழாதவன் அன்றைக்கு அழுதேன். அதோடு ஐந்து அரவைப் பருவம் போய்விட்டது, தொடவில்லை. மழை பெய்து ஈரக்காற்று அடித்தால் இப்போதும் வாய் கேட்கும், பொய் சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே, மேசைமேல் வை, மாப்பிள்ளை சுபாஷும் படிக்கட்டும். மாப்பிள்ளை, நீங்கள் கெட்டவர் இல்லை, நானும் கெட்டவனாக இருந்ததில்லை, மாட்டிக்கொண்டவர்கள் அவ்வளவுதான். கை பரபரக்கும்போது எனக்குப் போன் போடுங்கள். புத்தி சொல்லமாட்டேன், கன்றுக்குட்டியைப் பற்றி, மழையைப் பற்றி எதையாவது பேசுவேன், பத்து நிமிஷத்தில் அந்த வேகம் தணிந்துவிடும். ஆனால் அதுவரை என் மகள் இருக்கிற அறையில் புகை வேண்டாம், அதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

எழிலு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாமியாரைப் பற்றி யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசாதே. வளைகாப்புக்கு அவர்களை அழைக்க நானே நைனார்பாளையம் போவேன், வாசலில் நிற்கவைத்தாலும் நிற்பேன், நாலு பேச்சுப் பேசினாலும் கேட்டுக்கொள்வேன். உன்னை அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்றால் மட்டும், அன்றைக்குச் சொன்ன பதிலையேதான் திரும்பச் சொல்வேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் பக்கம் நிற்கும் அப்பா,
பிச்சைமுத்து
(அம்மா கொளஞ்சியம்மாளும் பக்கத்தில் இருந்து கேட்டு, எல்லாம் சரிதான் என்கிறாள்)