சுவரில் ஒட்டிய கண்ணாடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று முதல் தாளில் இருக்கிறது. அது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இந்தத் தாள் வீட்டில் யாருக்கும் தெரியாது, காலையில் கவரை ஒட்டுவதற்குள் உள்ளே செருகிவிடப் போகிறேன். நீ நலமாக இரு, எங்கள் நலத்தை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

கூடவே வீட்டு வேலைக்கான எஸ்டிமேட்டும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் கொடுக்கும். பழைய சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு மாடியில் உனக்கு ஓர் அறை எழுப்பத்தான் அந்தக் கணக்கு. கொத்தனார் முதலில் வந்தபோது என் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். "இது உடையலைன்னா சுவர் அசையலைன்னு அர்த்தம். உடைஞ்சா மேல எதையும் ஏத்தக் கூடாது, ஏத்தணும்னா மொத்தமா இடிச்சு அடியில இருந்து வரணும், செலவு ரெண்டு மடங்கு" என்றார். உன் குறட்டையில உடைச்சுடாத பாப்பா என்று என்னிடம் சிரித்தார்.

அது உடைந்துவிட்டது அண்ணா. பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தேன், நடுவில் முடி மாதிரி ஒரு கோடு. அப்பாவிடம் சொன்னேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கண்ணாடி முழுசாக இருந்தது, சுற்றியிருந்த சிமெண்ட் ஈரமாக இருந்தது. "அரைத் தூக்கத்துல பாத்திருப்ப" என்றார். அடுத்த முறை கொத்தனார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்ல சார், சுவர் நிக்குது என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவை மோசமாக நினைத்துவிடாதே. மாடி எதுக்கு, அந்த ஒரு சுவரை மட்டும் இடிச்சுக் கட்டிக்கலாமே என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். "அவனுக்குன்னு ஒரு ரூம் இல்லாத வீட்டுக்கு அவன் எதுக்குடி வருவான்" என்றார். போனில் சொல்லலாம் என்றால் அது எந்நேரமும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன், நடக்க வழியில்லை என்று அம்மா தினமும் திட்டுகிறாள். சற்றுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டாவது கண்ணாடியிலும் கோடு விழுந்திருக்கிறது. காலையில் அதையும் மாற்றிவிடுவார். கூடத்தில் மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் படத்துக்கு இப்போது கண்ணாடி இல்லை.

கையெழுத்துப் போடாதே அண்ணா. எனக்கு மாடி வேண்டாம், அந்தச் சுவரை மட்டும் கட்டுங்கள், வந்தால் கூடத்தில் படுத்துக்கொள்வேன் என்று உன் கையால் எழுது. நான் எழுதியதைச் சொல்லிவிடாதே, மறந்தும் சொல்லிவிடாதே. அப்பாவின் ஆசீர்வாதம் முதல் தாளின் கடைசியில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அதை மட்டும் நம்பு.

உன்,
வாலு