பாட்டு முடிந்ததும் ஏழு மூச்சு

போன வாரம் உன் கேசட்டுகள் திரும்பி வந்தன. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அதே வாசனை. பிளாஸ்டிக், பழைய காகிதம், அடியில் லேசாகக் கருவாடு. உங்கள் வீட்டுப் பரணை அந்தப் பெட்டி இன்னும் மறக்கவில்லை. முப்பத்தேழு கேசட்டுகள் கட்டாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சி.டி.யோடு. ஒரே ஒரு கேசட் மட்டும் தனியாக, ரப்பர் பேண்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு செருகி: ‘பாடல்கள் மட்டும். பேச்சு இல்லை. நமக்குத் தேவைப்படாது.’

எடுத்துப் பார்த்தேன். நான் பதிந்து உன்னிடம் கொடுத்தது. நீ முதன்முதலாக ரேடியோவில் பேசிய காலை.

சீட்டை எழுதியவரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு எனக்குப் பழக்கமானவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பழைய ஒலிபரப்புகளைத் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கிறார். நூலகத்தில் அவர் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து, உன் பெட்டியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்க்கிற தைரியம் அப்போது இல்லை. நான்கு நாளில் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பரபரப்பு.

“பாட்டு நூறு பேர்கிட்ட இருக்கும்மா. நடுவுல பேசினதை யாருமே வெச்சுக்கலை. உங்க ஃப்ரெண்டு மட்டும் எப்படிம்மா இதை யோசிச்சாங்க?”

“அது பெரிய கதை சார்” என்றேன்.

கல்மண்டபம் பக்கம் எங்கள் வீட்டில்தான் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இருந்தது. அப்பா பர்மா பஜாரில் வாங்கியது. நமக்குப் பதினாறு, பதினேழு வயது. எனக்குப் பாட்டு வேண்டும். அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் பாஸ் பட்டனை அழுத்தி டேப்பை நிறுத்திவிடுவேன்; இன்னொரு முறை அழுத்தினால் மறுபடி சுற்றும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நீ மட்டும் நேர்மாறு. பாட்டு ஓடுகிறவரை பாஸில் போட்டுவிட்டு முறுக்கு தின்பாய். பாட்டு முடிகிறபோது நிமிர்ந்து உட்காருவாய்.

“பாட்டு கேசட் கடையில கேட்டா பதிஞ்சு குடுப்பான்டி. இவரு சொல்றது போனா போச்சு.”

“இன்னாத்தப் பெருசா சொல்லிட்டாரு? மணி ஆறு அஞ்சுன்னாரு.”

“அத்த எப்டி சொன்னாரு, அத்தக் கேளு. பேசறதுக்கு மின்ன ஒரு மூச்சு இழுத்தாரே, கேட்டியா இல்லியா?”

நான் கேட்டிருக்கவில்லை. ரீவைண்ட் செய்து போட்டாய். பாட்டு தேய்ந்து மறைகிற இடத்தில், கோணிப்பையைத் தரையில் இழுத்தது போல ஒரு சின்ன சத்தம். பிறகுதான் ‘நேயர்களே’.

உனக்கு இளைப்பு. மழை வந்தாலும், வடக்கே ஆலைப் புகை இந்தப் பக்கம் இறங்கினாலும் நெஞ்சு விசில் அடிக்கும். எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிற்பாய். வானிலை அறிக்கையையும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் ஒருவர் எப்படித் தடங்கல் இல்லாமல் வாசித்து முடிக்கிறார் என்பது உனக்குத் தீராத ஆச்சரியம். எங்கே இழுக்கிறார், எங்கே ஒளித்துவைத்து விடுகிறார் என்று துப்பறிவாய். மூச்சு கேட்ட அந்த நொடியில் பட்டனை அழுத்தினால்தான் முதல் வார்த்தை முழுசாகக் கிடைக்கும். “அமுக்குடி!” என்று என் தொடையில் அடிப்பாய். அடி வாங்கி வாங்கியே என் விரலும் அந்த மூச்சுக்குப் பழகிவிட்டது.

உன் சி.டி.களை இந்த வாரம்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கேசட்டுகளின் உள்தாள்களையும் படிக்கிறேன். சிரிப்பு தாங்கவில்லை. ‘மூக்கால இழுக்கறாரு.’ ‘தாள் பெரட்டற சாக்குல இழுக்கறாரு, கில்லாடி.’ ‘இந்தம்மா இழுக்கறதே இல்ல, பூதமா?’ கடல் தாண்டி வந்த நிலையத்தின் குரல்கள், அலையோடு ஏறி இறங்குகின்றன. பிறந்தநாள் வாழ்த்துக்கு வரிசையாகப் பெயர்கள். அந்தக் குழந்தைகள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்களோ?

சாயங்காலம் உங்கம்மாவின் மீன் கடையில் உட்கார வைத்தால் அங்கேயும் நிலையம் தொடங்கிவிடுவாய். “நேயர்களே, அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது வஞ்சிரம்!”

“மீனு வாங்க வர்றவங்கோ காது குளுந்து வெறுங்கையோட போறாங்கோ. எட வைடி!” என்று உங்கம்மா கத்துவார்.

தனியார் எஃப்.எம். வந்ததும் நீ விண்ணப்பம் போட்டாய். கிடைத்தும் விட்டது. காலை ஆறு மணி நிகழ்ச்சி. பயிற்சி முடிந்து வந்து, எங்கள் வீட்டுப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய். “மூச்சு வுடாம பேசணுமாம்டி. யார்கிட்ட வந்து சொல்றாங்கோ பாரு!” இருவரும் சிரித்ததில் உனக்கு இருமல் வந்துவிட்டது.

அப்போது நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பாப்பாவுக்கு இரண்டு மாதம். “நீதான் பதியணும். என் பேச்சு மட்டும். பாட்டு வாணாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாய். ஆறு மணிக்கு முன்பே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, பதிவுப் பட்டனையும் பாஸையும் அழுத்தித் தயாராக உட்கார்ந்தேன். உன் மூச்சு கேட்டது. பாஸை விடுவிக்க அழுத்தினேன். அதே நேரம் பாப்பா தும்மினாள். என் கை உதறியது.

விரல் இரண்டு முறை அழுந்தியிருக்கிறது. இதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். ஒரு அழுத்து கூடிப்போனதும் அதன்பின் எல்லாம் தலைகீழ். பதிகிறேன் என்று நினைத்த நேரமெல்லாம் டேப் நின்றிருக்கிறது. நிறுத்திவிட்டேன் என்று நினைத்தபோது பாட்டு பதிந்திருக்கிறது. டேப் சுற்றுகிறதா என்று பார்க்கிற கண்ணாடியில்தான் நீ கிளி ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாயே! ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நீ கற்றுக்கொடுத்தபடி மூச்சு கேட்டதும் சரியாக அழுத்தியிருக்கிறேன். அதனால் மூச்சு இருக்கிறது. வார்த்தை இல்லை.

பட்டனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நீ அன்று என்ன பேசினாய் என்றும் நினைவில்லை.

கேசட்டை உன்னிடம் கொடுத்த மறுநாள், “சூப்பரா வந்துகீதுடி” என்றாய். நான் நம்பினேன். அந்தக் கேசட்டின் உள்தாளை இப்போதுதான் பிரித்தேன். உன் கையெழுத்து: ‘நான். மூச்சு ஏழு வாட்டி. மீதிய அவ முழுங்கிட்டா.’

இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்கால இளைப்பில் நீ போய்விட்டாய். அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, திட்டவில்லையே.

உன்னைவிட எனக்குப் பயம் உங்கம்மாவிடம்தான். உன் முதல் நாள் காலையில் அவர் காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்றிருந்தார். அந்தக் கூச்சலில் ரேடியோ எங்கே கேட்கும்? “ஊரே கேட்டுச்சு, பெத்தவ நான் கேக்கல” என்று நீ போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கேசட்டெல்லாம் சி.டி.யாகி வரட்டும், முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் தூக்கமில்லை. நேற்று பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு, பழைய டூ-இன்-ஒன்னைப் பையில் வைத்து, திருவொற்றியூர் தேரடியில் பஸ் ஏறினேன்.

உங்கம்மா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். “வா கண்ணு. இப்பதான் எடுத்தாந்தியா?”

“அம்மா, பேச்சு வரலம்மா. நான்தான் தப்பாப் பதிஞ்சுட்டேன். வெறும் பாட்டுதான் இருக்கு.”

அவர் நிமிரவில்லை. கை மட்டும் மெதுவானது.

“அவ மூச்சு மட்டும் ஏழு வாட்டி கேக்குது.”

“மூச்சா? ஒண்ணும் பிரியல. போடு பாப்போம்.”

போட்டேன். பாட்டு முழுக்க மீனை ஆய்ந்துகொண்டே இருந்தார். பாட்டு தேய்ந்தது. உன் மூச்சு. ‘டக்’. அடுத்த பாட்டு.

“தோ” என்றார். “எம் பொண்ணு.”

அதற்குப் பிறகு மீனைத் தொடவில்லை. மூன்றாவது மூச்சு வந்ததும் கையை உயர்த்தி, “நிறுத்து, மறுக்கா போடு” என்றார். மறுபடி போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லா இழுத்துகினா. அன்னிக்கு நெஞ்சு கட்டவேயில்ல. மாத்திரய போட்டுகினு போனாளா, மறந்துட்டு போயிட்டாளான்னு ஏலத்துல நின்னுகினு எனுக்கு அதே நெனப்பு. கேட்டா போட்டேம்மான்னு சொன்னா. அவ சொன்னா நம்ப முடியுமா? போட்டுகினுதான் போயிகீறா.”

“பேச்சு இல்லியேம்மா.”

“பேச்சு இன்னா பேச்சு? யாராவது கேட்டவங்கோ சொல்லுவாங்கோ. இத்த யாரு வந்து எனுக்கு சொல்லப்போறா?”

டூ-இன்-ஒன்னையும் கேசட்டையும் அங்கேயே விட்டுவரச் சொன்னார். விட்டு வந்தேன். அந்தப் பெரியவருக்குப் போன் செய்து, இதையும் ஒரு சி.டி. போட்டுத் தாருங்கள், பாட்டுக்காக இல்லை என்று சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்கும் இளைப்பு வருகிறது என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ போன பிறகுதான் ஆரம்பித்தது. இப்போது அவளுக்கு ஐந்து வயசு. அவள் மூச்சை எண்ணி எண்ணியே என் நாள் போகிறது. ஒன்று கூடினால் பயம், குறைந்தால் பயம். உங்கம்மா கேட்டதைப் பார்த்த பிறகு எண்ணிக்கையைக் கொஞ்சம் விட்டிருக்கிறேன். நீ அறிவிப்பாளர்களைக் கேட்டது போல அவளைக் கேட்டுப் பார்க்கிறேன். ஏதோ சொல்ல வருகிறபோது அவளும் இழுக்கிறாள். வாயால், சத்தமாக. உன் உள்தாளில் அவளுக்கு என்ன எழுதியிருப்பாயோ?

நேற்றுத் திரும்பி வருகையில் டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் இருந்த பாப்பா என் பக்கம் திரும்பி ஒரு மூச்சு இழுத்தாள். என் விரல் தானாக மடங்கியது. காத்திருந்தேன்.

“அம்மா, அஞ்சாவது பாட்டு முடிஞ்சப்ப மட்டும் அந்த அத்தை ஏன் ரெண்டு வாட்டி இழுத்தாங்க?”

நானும் கவனித்திருந்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் விரல் ஒரு நொடி பிந்தியிருக்கிறது. முதல் மூச்சில் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டு, வேறொன்றுக்காக இன்னொன்று இழுத்திருக்கிறாய்.

என்னடி சொல்ல வந்தாய்?