திவ்யாவின் பெயர் வேண்டாம்

மாமல்லபுரம்
14.7.2003

அன்புள்ள ரோகிணி அக்காவுக்கு,

அம்சாவின் வணக்கம். தாராப்பூரில் மழை பலமாமே, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

நீங்கள் கல்பாக்கத்தில் இருந்தபோது தொடங்கி, இப்போது நான் பார்த்துக்கொள்கிற மாலை வகுப்புக்கு டிரஸ்ட்காரர்கள் தொடர்ந்து உதவ வேண்டுமானால் ஒரு கணக்கு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நம்மிடம் படித்துத் தனித்தேர்வர்களாகப் பத்தாவதும் பிளஸ் டூவும் தேறியவர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று தேடித்தான் அலைந்தேன்.

செங்கல்பட்டில் கல்லூரி ஆபீஸ் கிளார்க் பன்னீர்செல்வம் மரியாதையாகத்தான் பேசினார். "பாஸானா சீட்டு குடுக்கிறோம். ஸ்கூல்ல பட்ச்சாங்களா, பிரைவேட்டா எழுதுனாங்களான்னு தனியா கணக்கு இன்னாத்துக்கும்மா?" என்று கேட்டார். அப்படி ஒரு கணக்கே அங்கே இல்லை.

அதனால் வீடு வீடாகப் போனேன். ஆனந்தன் கல்லூரியில் சேர்ந்து, பாடமெல்லாம் இங்கிலீஷில் என்று முதல் வருஷமே நின்றுவிட்டான். திருப்போரூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வேண்டாவுக்குக் கல்யாணமாகி, முட்டுக்காடு போய்விட்டாள். திவ்யா மட்டும் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

கல்லூரி வாசலில் அவளைப் பார்த்தேன். தோழிகளோடு வந்தவள் என்னைத் தெரியாதவள்போல் கடந்து போனாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டிரஸ்ட் கணக்குக்காக வந்ததைச் சொன்னேன். "எம்பேர எழுதாதக்கா. நான் ஃபெயிலாயி ஓட்டல்ல பாத்திரம் கய்விகினு இருந்தது இங்க எவளுக்கும் தெரியாது" என்று அழுதாள். கணக்கில் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பெயர் இல்லாமல் டிரஸ்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அதற்காக அவளைக் காட்டிக்கொடுக்க முடியாது.

அங்கிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை அக்கா. அஞ்சல்வழிப் படிப்பு மையத்துக்குப் போய் பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டேன். நானும் நம் வகுப்பில் தேறியவள்தானே. என் பெயரைத் தாராளமாக எழுதுங்கள். ரசீதின் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். டிரஸ்டுக்காகச் சேர்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். நெடுநாள் ஆசை. திவ்யா அழுததைப் பார்த்ததும், ஒளிக்காமல் படிக்க ஒருத்தியாவது வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஞாயிறு தோறும் வகுப்புக்குச் செங்கல்பட்டு போக வேண்டும். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கோபித்தால்கூடப் போய்விடுவேன். "இந்த வயசுல இன்னா காலேஜு" என்று சிரித்துவிட்டால் என்னால் போக முடியாது.

இந்த வாரம் அவருக்கு வேன் சவாரி இல்லை, வீட்டில்தான் இருப்பார். நீங்களே போன் செய்து சொல்லுங்கள் அக்கா. அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டால் போதும்.

என்றும் உங்கள்,
அம்சா