ஸ்டெல்லாவின் பக்கம்

நவம்பர் 18, செவ்வாய்

எங்கள் பள்ளி ஆண்டுமலரை, விரலால் தள்ளினால் தாள்போலப் புரளும் டிஜிட்டல் புத்தகமாக மாற்றிப் போன மாதம் இணையத்தில் ஏற்றியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பக்கத்தில் தோழிகள் நடுவே ஸ்டெல்லா நிற்பாள். அவள் படத்தைத் தொட்டால் வீடியோவில் பாடுவாள். ஜீப் கவிழ்ந்து அவள் இறந்து இரண்டு வாரம் ஆகிறது.

காலையில் பிரின்சிபால் கூப்பிட்டார். "அட்மிஷன் நேரம் சார். பேரன்ட்ஸ் பார்த்தா சங்கடப்படுவாங்க. அந்தப் பக்கத்த எடுத்துருங்க." எடுத்துவிட்டேன்.

மாலையில் அவர்கள் ஊரான பண்ணைக்காட்டிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மா போன் செய்தார். "சார், புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டேன், பாப்பாவக் காணோம். தெனம் வெள்ளனே அவ பாட்டக் கேட்டுட்டுத்தான் தோட்டத்துக்குப் போவேன். என் போன்லதான் கோளாறோ என்னமோ."

பக்கத்தை எடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை. பாட்டு வீடியோவை மட்டும் தனியாக அனுப்பினேன். சற்று நேரத்தில் மறுபடி பேசினார்.

"பாட்டு வந்துருச்சு சார். ஆனா புஸ்தகத்துல கூட்டாளிகளோட இருந்தா. இதுல ஒத்தையில இருக்காளே."

இரவே லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்தை மறுபடி அதன் இடத்தில் வைத்துவிட்டேன். பிரின்சிபாலிடம் சொல்லவில்லை. விடிந்ததும் அந்த அம்மா பாட்டைக் கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எத்தனை நாள் இருக்குமோ.