வலை இழுக்கிற வேகத்தில் பிரெஞ்சு

கார்த்திகை 18, புதன். விடியவே மழை.

கொப்பி, எப்படிச் சுகம்? நாலு நாள் உன்னைத் தொடவில்லை, கோபிக்காதே. கூரை ஒழுகி உன் மூலை நனைந்திருக்கிறது. முன்பக்கம் மகள் றெஜினாவின் பிரெஞ்சு, பின்பக்கம் என் கிறுக்கல். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்த செவ்வாய் சோதனை. ஓ.எல். பிரெஞ்சு. எழுதுகிற பகுதிக்குப் பயமில்லையாம். காதால் கேட்டு விடை சொல்லும் பகுதிதான் பயம். கசெட் ஒரேயொரு தரம்தான் ஓடும்.

பிரெஞ்சு படிப்பிக்கிற மடத்துச் சிஸ்டர் சொன்னது: நல்ல பெறுபேறு வந்தால் கொழும்பு மடத்தில் தங்கிப் படிக்க இடம் எடுத்துத் தருவாராம். அன்றிலிருந்து மனைவி பிலோமினா ஒருநேரச் சாப்பாடு, நேர்த்தி. "இருக்கிறது ஒண்டு. அதாவது இஞ்சையிருந்து வெளியிலை போகட்டும்" என்கிறாள். எனக்கும் அதுதான் விருப்பம்.

கரண்ட் இல்லை. சண்டையால் பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரெக்கோடருக்கு வயர். பெடலைக் கையால் சுற்றுவது நான். கடலுக்குப் போகக்கூடாது என்று ஆனபின் இந்தக் கைக்கு வேறென்ன வேலை? வலை இழுக்கிற மாதிரியே சுற்றுகிறேன். ஆறுதலாக, அவசரமில்லாமல், ஒரே சீராக. ஒரு மாதமாகிறது.

சிஸ்டர் தானே பேசிப் பதிந்து தந்த கசெட். தொடங்கும்போது தமிழில் பேசுகிறார்: "பிள்ளையள், கவனமாக் கேளுங்கோ." ஆம்பிளைக் குரல்!

"அப்பா, சிஸ்டருக்கு மீசை முளைச்சிட்டுது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கை நின்றுவிட்டது. ரெக்கோடர் பழசு, அப்படித்தான்.

19, வியாழன். மழை விட்டது. ஹெலிகொப்டர் இரண்டு தரம்.

கசெட்டில் ஒருத்தி ஸ்டேஷனுக்குப் போகிறாள், ரயில் எத்தனை மணிக்கென்று கேட்கிறாள். றெஜினா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ரயில் நின்று இரண்டு வருடம். தண்டவாளத்தில் ஒரு துண்டு முற்றத்துப் பதுங்குகுழிக்கு, எங்கள் பங்கருக்கு, மேலே கிடக்கிறது. அதற்குக் கீழே குந்தியிருந்து பிள்ளை ரயில் நேரம் பாடமாக்குகிறாள்.

நானும் ஒருதரம் ரயிலில் கொழும்புக்குப் போனேன், கருவாட்டுச் சாக்கோடு. கோட்டை ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரி என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். அது பெரிய கதை, பிறகு.

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"மரியான், உதென்னடா பாசை? பேய் பிடிச்ச கிடாய் கத்துற மாதிரிக் கிடக்கு."

"பிரெஞ்சு, அண்ணை."

"பிரெஞ்சுக்காரன் உப்பிடி இழுத்து இழுத்துக் கதைச்சா எப்ப சோறு தின்னுறது?"

20, வெள்ளி. காற்று. நல்ல நாளில்லை.

மடத்தில் சிஸ்டர் வாசித்துக் கேள்வி கேட்டிருக்கிறார். பத்துக்கு இரண்டு. றெஜினா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இருந்து அழுதாள். "சிஸ்டர் ஓடுறா, அப்பா. ஒண்டும் பிடிபடேல்லை."

பின்னேரம் சிஸ்டரே சைக்கிளில் வந்தார். "கசெட்டிலையும் இதே வேகம்தானே, மரியாம்பிள்ளை? எங்கை, போடுங்கோ பாப்பம்."

நான் சுற்றினேன். மீசைக் குரல் வந்தது. சிஸ்டர் வாயில் கையை வைத்தார்.

"இது என்ரை குரல் இல்லை. உங்கடை கை மெதுவாச் சுத்துது, அதுதான் இப்பிடி இழுக்குது. பிள்ளை ஒரு மாதமா உங்கடை வேகத்தைத்தான் படிச்சிருக்கிறாள்."

இரண்டு பேரும் சிரித்தோமே, அப்போதே யோசித்திருக்க வேண்டாமா?

போகும்போது சிஸ்டர் சொன்னார்: "என்ரை குரல் என்ரை குரல் மாதிரி வரும்வரைக்கும் சுத்துங்கோ. அதுதான் சரியான வேகம்."

22, ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தோம். வானம் துடைத்துவிட்டது போல. பிடிக்கவில்லை. மழை நாள்தான் நிம்மதி, குண்டு போடுகிற பொம்மர் வராது.

சிஸ்டரின் குரல் வந்துவிட்டது! ஆனால் அந்த வேகத்துக்கு டைனமோ கீச்சிடுகிறது, செயின் கடகடக்கிறது. வேறொன்றும் காதில் விழாது. அந்தோனி அண்ணை இன்றைக்குப் பகிடி விடவில்லை. "பிள்ளையின்ரை காது கசெட்டிலை, உன்ரை காது டைனமோவிலை. பொம்மர் வந்தா ஆருக்கடா கேக்கும்?"

பிலோமினா வாசல் படலையில் நின்று தகரத்தில் தட்டுவதாக ஏற்பாடு. பதினொரு மணிபோல் ஹெலி. தட்டினாளாம். எங்களுக்குக் கேட்கவில்லை. ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

அதனால் கயிறு. என் அப்பா சங்கு குளித்தவர். இடுப்புக் கயிற்றின் மற்றத் தலைப்பை மாமாவிடம் மட்டும்தான் கொடுப்பார், அம்மாவின் தமையனிடம். தங்கச்சியின் தாலியை நினைத்து அவன் கயிற்றை விடமாட்டானாம். எங்கள் கயிறு என் இடுப்பில், தலைப்பு படலையில் பிலோமினாவின் கையில். ஒரு இழுவை ஹெலி, பார்த்திரு. இரண்டு இழுவை பொம்மர், பங்கருக்குள் ஓடு.

செவ்வாய்க்குத் தேவை: பேனை 2, பென்சில், அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், செபமாலை (மகள் வேண்டாமென்பாள், தாய் வைப்பாள்).

மாலை: பத்துக்கு ஐந்து.

23, திங்கள். வெயில். ஒரு முகில் இல்லை.

நாளைக்குச் சோதனை. காலை: ஏழு. பிறகு எட்டு. இப்போது ஒன்பது! றெஜினா கையைத் தட்டினாள். "அப்பா, இன்னும் ஒருக்கால். பத்தையும் எடுத்துக் காட்டுறன்."

தோள்மூட்டு எரிகிறது. "கொஞ்சம் பொறு பிள்ளை, கை ஆறட்டும்" என்றேன். அவள் ரெக்கோடருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி முணுமுணுக்கிறாள். கயிறு இடுப்பில்தான்.

அந்தக் கோட்டை ஸ்டேஷன் கதை. இன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. அந்த வெள்ளைக்காரி மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி என்னிடம் கேட்டது கசெட்டுக்காரி கேட்கிற அதே வசனம். ஆ கெல் ஏர். எத்தனை மணிக்கு என்று. என் வேகத்தில் இழுபட்டபோது பிடிபடவில்லை, சரியான வேகத்தில் வந்ததும் அப்படியே அவள் குரல். அன்றைக்கு நான் பேயன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு

கயிறு ஒருதரம். ஹெலியாக்கும். இதை முடித்துவிடுகிறேன்.

போய்விட்டேன். பாவம், அந்த மனுசி ரயிலைத் தவறவிட்டிருப்பாள். இப்போது யாராவது அப்படிக் கேட்டால், பிலோமினா கத்துகிறாள், கயிறும் இன்னொருதரம், பொறு, ஒரு வசனம்தான், கேட்டால் நான்