வள்ளம் தானாக விலகவில்லை

சாம்பல்தீவு,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் பிரியதர்சினிக்கு,

இங்கு நான் சுகம், அம்மா முக்கால் சுகம். அங்கு நீயும் மருமகன் நிருபனும் முழுச் சுகமாய் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நேற்றும் வீடியோவில் கதைத்த அப்பா இன்று ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஏலாத கதை இது, அம்மாவும் எப்போதும் பக்கத்தில்தான் இருப்பாள். அதனால் பழைய பாடக்குறிப்புக் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயது போய்விட்டது என்று நினைக்காதே, காரணம் அதுவல்ல.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் கைக்கட்டைச் செவ்வாய்க்கிழமை வெட்டி எடுத்துவிட்டார்கள். எலும்பு பொருந்திவிட்டதாம், ஆனாலும் வாளி தூக்கக்கூடாது, தேங்காய் திருவக்கூடாது. ஆறு கிழமையாகக் குசினி என் கையில்தான். தேங்காயை நான் முன்னுக்கு அழுத்த அழுத்தத் திருவலை பின்னுக்குப் போகிறது. வெறும் வாளி என்று நினைத்து நிறைவாளியை இழுத்து, இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா கதிரையில் இருந்துகொண்டு, இயக்க விதி படிப்பித்த ஆளுக்கு இப்ப வாளியும் திருவலையும் படிப்பிக்குது என்று பகிடி பண்ணுகிறாள். முன்பென்றால் நானும் சிரித்திருப்பேன். என் குணம் உனக்குத் தெரியும். பஸ் பிரேக் போட்டு ஆட்கள் முன்னுக்குச் சாய்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் கேட்கிறாரோ இல்லையோ சடத்துவம் என்றால் என்ன என்று தொடங்கிவிடுவேன். நீ சின்னவளாய் இருக்கும்போது வெட்கத்தில் எழும்பிப் போய் வேறு சீற்றில் இருப்பாய். இப்போது எனக்கு அப்படி வாய் திறக்க மனம் வருவதில்லை. ஏன் என்றுதான் எழுத வந்தேன், வாளியையும் திருவலையையும் சொல்லி நேரம் கடத்துகிறேன்.

அம்மா விழுந்த நாளைப் பற்றி நான் உனக்குச் சொன்னது சரியில்லை. என்னோடு படிப்பித்த கலீலுர் றஹ்மான் சேரின் மகளுடைய கலியாணத்துக்கு மூதூர் போய், பின்னேரம் வள்ளத்தில் திரும்பி வந்தோம், அதுவரை நான் சொன்னது உண்மை. இறங்குதுறையில் வள்ளத்தை வள்ளக்காரர் நௌபர் சரியாகத்தான் கட்டினார். அலைக்கு ஏறி இறங்கக் கயிற்றில் கொஞ்சம் தளர்வு விடத்தான் வேண்டும், அது கடலில் ஓடுகிற எல்லாருக்கும் தெரிந்தது. அவர் வள்ளத்தில் நின்றபடி ஒரு கையால் துறைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஒவ்வொருவராக இறக்கினார். ஒருவர் கரையில் நிலையாக நின்ற பிறகுதான் அடுத்தவர் எழும்ப வேண்டும். ஏறும்போதும் சொன்னார், இறங்கும்போதும் சொன்னார், மிதிச்சு இறங்காதீங்க, வெச்சு இறங்குங்க என்று. வள்ளத்தை உதைத்துப் பாயாமல், ஒரு காலைக் கரையில் வைத்து, பாரத்தை அதற்கு மாற்றி, பிறகு மற்றக் காலை எடுப்பதைத்தான் அவர்கள் வைப்பது என்கிறார்கள். நாங்கள் பின்பக்கம் இருந்ததால் எங்கள் முறை கடைசியாக வந்தது. எனக்கு அதிலேயே ஒரு எரிச்சல். எல்லாரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவர் என்னைப் பார்த்து, சேர், மிதிக்காம வெச்சு இறங்குங்க என்று மூன்றாம் தரமும் சொன்னார். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு இறங்கப் பழக்குகிறாரே என்று நினைத்தேன். அவருடைய கையைப் பிடிக்காமல், வலக்காலால் வள்ளத்தின் விளிம்பை உதைத்துப் பாய்ந்தேன் பிள்ளை. நான் எழும்பியதைப் பார்த்து அம்மாவும் பின்னால் எழும்பி நின்றாள்.

பிறகு நடந்ததை உனக்கு விளக்கத் தேவையில்லை, நீ பொறியியல் படித்தவள். நான் உதைத்த உதைக்கு வள்ளம் பின்னுக்குப் போனது. ஆட்கள் எல்லாம் இறங்கிப் பாரம் குறைந்த வள்ளம், அதனால் அது வேகம் எடுக்கிற ஆர்முடுகலும் கூட. அம்மாவின் உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தது, காலுக்குக் கீழே வள்ளம் இல்லை. கரையின் கொங்கிறீற்று விளிம்பில் கை அடிபட்டு, இடைவெளிக்குள் விழுந்தாள். மூன்று இயக்க விதியும் மூச்சு விடுகிற நேரத்துக்குள் நடந்து முடிந்தன. நான் கரையில் ஈரம் படாமல் நின்றேன். நௌபர்தான் உடுப்போடு குதித்து, வள்ளம் திரும்பி வந்து அவளை நெரிக்காமல் முதுகால் தடுத்துக்கொண்டு தூக்கினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி விழுந்தவ என்று கேட்டார். வள்ளம் விலகிப் போச்சு, கயிறு ஒழுங்காய்க் கட்டேல்லை என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஆனால் அன்று மாலை உனக்குச் சொன்னதும், அடுத்த நாள் றஹ்மான் சேருக்குச் சொன்னதும் யோசித்துத்தான்.

பத்தாம் வகுப்பில் நான் வருடா வருடம் கொடுக்கிற கேள்வி உனக்கு நினைவிருக்கும், வள்ளத்திலிருந்து ஒருவர் கரைக்குப் பாய்கிறார், நடப்பதை விளக்குக. வள்ளம் விலகியது என்று மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்குப் புள்ளி போடமாட்டேன், தானாக விலகுமா என்று சிவப்பு மையால் எழுதிவிடுவேன். உனக்கும் ஒருமுறை எழுதினேன், நீ சாப்பிடாமல் படுத்தாய். அந்தப் பிழை விடையைத்தான் நான் டொக்டருக்குச் சொன்னேன். பிள்ளைகள் தெரியாமல் எழுதினார்கள், நான் தெரிந்துகொண்டு சொன்னேன்.

நீ கோபத்தில் வள்ளக்காரர் சங்கத்துக்கு எழுதினாய், அம்மாவின் எக்ஸ்ரே படமும் அனுப்பினாய். நான் தடுக்கவில்லை. வள்ளங்களுக்கு ஆள் ஏற்றும் முறை கொடுப்பது அந்தச் சங்கம்தான், அவர்கள் நௌபரின் முறையை நிறுத்திவிட்டார்கள். மனிசன் குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுக்கக் கூலியாகப் போகத் தொடங்கினார் என்று றஹ்மான் சேர் சொன்னபோதும் நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை கட்டு வெட்டிவிட்டு வரும்போது, மாடு குறுக்கே வந்து பஸ் பிரேக் போட்டது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் சடத்துவம் என்றேன். அவள் யன்னலைப் பார்த்தபடி, ஓம், அண்டைக்கு வள்ளத்திலயும் அதுதானே, நீங்கள் உதைச்சியள், வள்ளம் போச்சு, நான் அப்பிடியே நிண்டிட்டன் என்றாள். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்றாள்.

அடுத்த நாள் சங்கத்துக்குப் போய் நடந்ததை என் கையால் எழுதிக் கொடுத்தேன். வரும் திங்கட்கிழமை முதல் நௌபருக்கு முறை திரும்பக் கிடைக்கும். நேற்றுக் கிண்ணியாவுக்கு அவருடைய வீட்டுக்கும் போனேன். அவருடைய மனைவி றஹ்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. நௌபர் ஏசவில்லை. நீங்க மிதிச்சது என்ட காலுக்கே தெரிஞ்சது சேர் என்றார். சங்கத்தில் ஏன் சொல்லவில்லை என்று அவரையும் கேட்டேன் பார், என்ன கேள்வி. சொன்னேனே சேர், படிப்பிச்ச ஆள் பொய் சொல்லுவாரா எண்டு கேட்டாங்க என்றார். பிறகு அம்மாவின் கை எப்படி என்று விசாரித்தார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதை மன்னிப்பு என்று எடுக்க எனக்கு உரிமை இல்லை.

உன் பெயரில் போன முறைப்பாட்டுக்கு நீ வெட்கப்படாதே, அதில் இருந்த பொய் என்னுடையது. சங்கத்துக்கு ஒரு வரி எழுது, அது போதும். மற்றவர்களிடம் நேரே போய் முகம் கொடுத்தேன், உனக்கு மட்டும் முகம் காட்டாமல் எழுதுகிறேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னை நம்பினாய் பிள்ளை, அதனால் உன்னிடம்தான் கூடப் பயம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகனைப் பனியில் மெல்லக் கார் ஓட்டச் சொல். நோய் நொடியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்கக்கூடிய வாழ்வாக உங்கள் வாழ்வு இருக்க என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. அன்று நடந்ததை அம்மாவிடமும் ஒருமுறை கேள். காலையில் நான் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போன் எடு. நான் பக்கத்தில் இருந்தால் அவள் என்னை விட்டுக்கொடுக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. குலசிங்கம்